ஐந்து விரல் டார்ட்

பத்தொன்பதாம் பிளாக்கின் நாலாம் மாடியில் கொசு கிடையாது. மூன்றாம் மாடி வரை வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏறி வரும் கொசு, எங்கள் மாடியின் கடைசிப் படியில் கிறுகிறுத்து விழுந்துவிடும். காலையில் பெருக்குகிறவள் முறம் முறமாக அள்ளிக்கொண்டு போவாள். கூட்டிச் சொல்கிறேன் என்பவர்கள் டிங் வீட்டுக்கு அடுத்த அறையில் பதினோரு வருஷம் குடியிருந்துவிட்டு வந்து பேசட்டும்.

டிங் சாங்-குய் கால் சுரண்டுகிறவர். ஹாங்காங்கின் கௌலூனில் வடக்குச் சீனர்கள் நடத்திய குளியல் கூடம் ஒன்றில், வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்து வரும் ஆண்களின் பாதங்களை மடியில் வாங்கி, ஆணி எடுத்து, காய்ப்புச் சீவி, விரலிடுக்கைத் துடைத்து, சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு தடவி அனுப்புவது அவர் வேலை. யாங்சோவில் அப்பாவிடம் கற்ற தொழில். பதினோரு கத்திகள் வைத்திருந்தார், ஒவ்வொன்றும் ஒரு வாத்து இறகின் அகலம். ஒருமுறை துறைமுகச் சுமைகூலி ஒருவரின் குதிகாலிலிருந்து அவர் சீவி எடுத்து ஓரமாக வைத்த துண்டை, அடுத்து வந்த வாடிக்கையாளர் சோப்பு என்று நினைத்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டாராம். நுரையே வரவில்லை என்று கல்லாவில் புகார் வேறு சொன்னாராம்.

அந்தக் களிம்புக்கு ‘வெள்ளி மேகம்’ என்று பெயர். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான தகர டப்பா. மூடியில் ஒரு மேகம், மேகத்தின் மேல் ஒற்றைக் கால், ஐந்து விரலும் நகமும் தெளிவாகப் புடைத்திருக்கும். உள்ளே இருப்பது பச்சையா மஞ்சளா என்று தீர்மானிக்க முடியாத ஒரு பசை. வெயில் காலத்தில் உருகி ஓரத்தில் வழியும். கர்ப்பூரமும் கந்தகமும் மூன்று நாள் கழற்றாத காலுறையும் சேர்ந்தால் என்ன வாசனையோ அது. தினமும் சாயங்காலம் டிங் அந்த வாசனையைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு படியேறி வருவார்.

இப்பேர்ப்பட்டவரைக் கட்டிக்கொண்டவள் குவாய்-சிம். ஹாங்காங் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அவளை மிஞ்சிய அருவருப்புக்காரி கிடைக்கமாட்டாள். பக்கத்து அறையில் யாராவது இருமினால் தன் வீட்டு அரிசியை மறுபடி களைவாள். பொதுக் கழிவறைக்குப் போகும்போது இரண்டு கைக்குட்டை எடுத்துப் போவாள், ஒன்று கதவைத் தொட, ஒன்று மூக்கைப் பொத்த. எங்கள் மாடிக் கழிவறையைப் பற்றி எழுதினால் இந்தத் தாளே நாறும் என்பதால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்யாணத் தரகி செய்த வேலை அது. மாப்பிள்ளை மருந்துத் தொழில், பெரிய மனிதர்களெல்லாம் தேடி வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். கல்யாணமான மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு குளியல் கூடத்தின் பின்வாசலில் போய் நின்றிருக்கிறாள் குவாய்-சிம். உள்ளே புருஷன் முக்காலியில் உட்கார்ந்து, பன்றிக் கறிக்கடைக்காரர் மாதிரி இருந்த ஒரு ஆளின் வலது காலை மடியில் வைத்துக்கொண்டு, விரலிடுக்கில் வாயால் ஊதிக்கொண்டிருந்தார். தூக்கோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அன்று முதல் சட்டம் போட்டாள். வாசலில் மூன்று தடவை கை கழுவ வேண்டும். அவர் கிண்ணமும் சாப்பாட்டுக் குச்சிகளும் தனி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல். மாவுப் பாத்திரத்துக்கு இரண்டு முழத்துக்குள் வரக்கூடாது.

“யோவ் சாவுப் பேயே, கழுவுனியா?” என்ற குரல் கேட்டால் எங்கள் தாழ்வாரத்தில் மணி ஆறு என்று அர்த்தம். எல்லோரும் விளக்குப் போடுவார்கள்.

“மூணு தடவை ஆச்சு, சிம்.”

“தண்ணி ஊத்துற சத்தம் ரெண்டுதான் கேட்டுச்சு.”

“ஒண்ணு மெதுவா ஊத்தினேன்.”

“மெதுவா ஊத்தினது கணக்கில்ல. இன்னொண்ணு!”

கல்யாணத்துக்கு முன்னால் குவாய்-சிம் மலை உச்சியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் சமையல் வேலை பார்த்தவள். அங்கேதான் மாவுக் கிண்ணத்தில் முட்டைப் பாகு ஊற்றிச் சுடுகிற டார்ட் போடக் கற்றாள். பளபளவென்று விளிம்பு மடிந்த இரண்டு டஜன் அச்சுகள், கதவு வைத்த ஓவன், வெள்ளை ஓடு பதித்த சுவர். அந்தச் சமையலறையில் எந்தக் காலின் வாசனையும் வராது என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பியபோது தேக்கரண்டி வரை எண்ணிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு மிச்சமானது கைப்பழக்கம் மட்டும்.

எங்கள் பிளாக்கில் யாருக்கும் சமையலறை கிடையாது. வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் மேல் சட்டி, அதன் மேல் அடுத்த வீட்டுக்காரியின் கண். குவாய்-சிம் ஒரு சதுர பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, உள்ளே இரண்டு செங்கல் வைத்து, மேல்தட்டில் கரித்துண்டு பரப்பி ஓவன் செய்துகொண்டாள். அச்சுக்குத்தான் அவள் பட்ட பாடு. முதலில் சோற்றுக் கிண்ணத்தில் சுட்டாள். அடி வெந்தபோது மேலே பாதி பச்சை, அதைக் கவிழ்த்தால் மூக்குச் சிந்தியது போல ஒழுகியது. பீங்கான் சூப்புக் கரண்டியில் வைத்துப் பார்த்தாள், ஐந்தில் நாலு கரண்டி வெடித்தது. டப்பாப் பால் தகரத்தை வெட்டி அடிப்பாகத்தில் சுட்டாள், மூன்றாம் வீட்டு மெய் அத்தையின் உதடு கிழிந்தது. சோடா மூடிகளில் கட்டைவிரல் நகம் அகலத்துக்குக் குட்டி டார்ட் போட்டாள். சுட்டு முடித்து ஆற வைத்துத் திரும்புவதற்குள் கரப்பான் பூச்சிகள் ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு போய்விட்டன. எங்கள் கரப்பான்கள் அப்படி. வாடகைச் சீட்டுக் கேட்காத குறைதான்.

இதெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம் வந்த வருஷம். நாலு நாளைக்கு ஒருமுறை நாலு மணி நேரம் குழாய் வரும். எதுவும் சரியாகக் கழுவாமல், எல்லோர் மேலும் ஒரு பிசுக்குப் படிந்திருந்த கோடை.

அப்போதுதான் ஒரு நாள், மேல்மாடிப் பள்ளியில் பாடம் முடித்து நான் சீக்கிரமாக இறங்கி வந்தேன். டிங் வாசலில் குந்தியிருந்தார். முன்னால் வெள்ளி மேகக் களிம்பு டப்பாக்களின் மூடிகள், நாற்பதுக்குக் குறையாது. பழைய கால் கத்தியால் மூடிகளின் பச்சைப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காய்ப்புச் சீவுகிற அதே மணிக்கட்டு, அதே நிதானம். குவாய்-சிம் இரண்டு முழம் தள்ளி நின்று, சுரண்டி முடித்த மூடிகளை இடுக்கியால் எடுத்துச் சட்டியில் போட்டாள்.

“டீச்சர், நீங்க எதையும் பாக்கல,” என்றாள்.

“பாக்கலடி. எதுக்கு இது?”

“அளவப் பாருங்க. விளிம்பப் பாருங்க, லேசாச் சரிஞ்சு வருது. தகரம் தாள் மாதிரி மெலிசு, சூடு சட்டுனு ஏறும். அந்த மலை வீட்டு அச்சு கூட இப்படி இல்ல.” சொல்லும்போதே அவள் முகம் கோணியது. “எனக்கும் குமட்டுது டீச்சர். மூணு வாரம் யோசிச்சேன். வேற வழி தெரியல.”

மூன்று தடவை கொதிக்க வைத்தாள். முதலில் சோடா உப்பு, அப்புறம் சாம்பல், அப்புறம் தேயிலை விதைப் பிண்ணாக்கு. நாலு நாள் குடிதண்ணீரில் முக்கால் பங்கு அதற்கே போயிற்று. மெய் அத்தை சட்டியை எட்டிப் பார்த்துவிட்டாள்.

“ஊரே நாக்கு வறண்டு கிடக்கு, இவ தகரத்துக்கு சூப்பு வைக்கிறா! என்னடி அது?”

“பேக்கிங் பவுடர் டப்பா மூடி, அத்தை.”

“தகரத்தக் குளிப்பாட்டுற அளவுக்கு உன் புருஷனக் குளிப்பாட்டுனா மாடியே மணக்கும்.”

அந்த மூடிகளில் அவள் சுட்ட முதல் டார்ட்டை எனக்குக் கொடுத்தாள். எனக்கு எல்லாம் தெரியும். அந்தக் கத்தியை நான் கண்ணால் பார்த்தவள். நாக்கில் வைப்பதற்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கடித்தேன். பன்றிக் கொழுப்பு போட்ட மாவு பொலபொலவென்று உதிர்ந்தது, மேலே முட்டைப் பாகு குழந்தையின் கன்னம் மாதிரி ஆடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று தின்றேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் போய் வாய் கொப்பளித்தேன்.

மூடியின் அடியில் அவள் பலசரக்குக்கடைப் பழுப்புத் தாளை வட்டமாக வெட்டி இரண்டு மடிப்பாக வைத்து, அதன் மேல்தான் மாவை அழுத்துவாள். தாள் இருந்தால் மாவுக்கும் அந்தத் தகரத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு மரியாதை இருக்கும் என்பது அவள் எண்ணம். ஒரு வருஷத்துக்கு மேல் தாழ்வாரமே அந்த டார்ட்டைத் தின்றது. மெய் அத்தைதான் அதிகம்.

பஞ்சம் முடிந்து குழாய் ஒழுங்காக வரத் தொடங்கிய சமயம், கீழே ஔ-யெங்கின் டீக்கடையில் டார்ட் மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு டார்ட் கொண்டு வருகிறவர்களில் யாருடையது பிடிக்கிறதோ அவருக்கு அந்த வேலை, அந்த ஓவன் என்று ஔ-யெங் சொல்லி அனுப்பினார். கதவு வைத்த ஓவன். ஓடு பதித்த சுவர். காலை ஐந்திலிருந்து மாலை ஐந்து வரை களிம்பு வாசனை எட்டாத பன்னிரண்டு மணி நேரம்.

குவாய்-சிம் என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு முன் அங்கே ஒரு துணியை விரித்துக்கொண்டாள்.

“டீச்சர், அந்த இடம் கிடைக்கலன்னா நான் செத்துருவேன்.”

“சாகமாட்டே.”

“சாகமாட்டேன், சரி. ஆனா இந்த வாசனையிலயே கிழவி ஆயிருவேன். அது அதவிடக் கேவலம்.”

அவளுக்கு ஒரே ஒரு பயம். ஔ-யெங் டார்ட்டைக் கையில் வாங்கியதும் மேலே பார்க்கமாட்டார். கவிழ்த்து அடியைப் பார்ப்பார். அடி சிவந்திருந்தால்தான் வாயில் வைப்பார், வெளுத்திருந்தால் அப்படியே தள்ளிவிடுவார். எங்கள் பக்கத்து டீக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, இவருக்குக் கொஞ்சம் அதிகம். தாள் வைத்துச் சுட்டால் அடி வெளுப்பாகத்தான் இருக்கும்.

“தாள எடுத்துரு,” என்றேன். படித்தவள் சொல்கிற யோசனை.

“தகரத்துலயே நேராவா?” என்று நெஞ்சில் கை வைத்தாள்.

“மூணு தடவை கொதிச்ச தகரம். இன்னும் மூணு தடவை கொதிக்க வை, இப்பத்தான் தண்ணி வருதே.”

ஆறு தடவை கொதிக்க வைத்தாள். ஏழாவதுக்கு நான்தான் தடுத்தேன், தகரம் கரைந்துவிடும் என்று.

சனிக்கிழமை காலை. டார்ட்டை அச்சோடு சூடாகக் கொண்டு போய், வாடிக்கையாளர் முன்னால் தட்டில் தட்டிக் கொடுப்பது அந்தக் கடை வழக்கம். அதனால் அவளும் பன்னிரண்டையும் மூடிகளோடு தட்டில் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு இறங்கினாள். பெயின்ட் போன தகரம், பார்க்கிறவர்களுக்குத் தகரமாகத்தான் தெரியும். டிங் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கடையில்தான் டீ குடிப்பார். அவரிடம் முந்தின நாளே கட்டளை போட்டிருந்தாள்.

“கடைசி மேசையில உக்காரு. என்னயப் பாக்காத. நான் யாருன்னே உனக்குத் தெரியாது.”

“டீயாவது குடிக்கலாமா?”

“சத்தம் போடாமக் குடி.”

நான் நடு பெஞ்சில் இடம் பிடித்தேன். மெய் அத்தை எனக்கு எதிரே. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், மீன்கடைக்காரர்கள் என்று கடை நிறைந்திருந்தது. வேலை கேட்டு மற்ற இரண்டு பேர் கொண்டு வந்த டார்ட்டுகளை ஔ-யெங் ஏற்கனவே கவிழ்த்துப் பார்த்துத் தள்ளிவிட்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு எச்சில் கிண்ணம் உண்டு, அதில் ஒருமுறை காறித் துப்பிவிட்டுக் குவாய்-சிம்மைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

முதல் மூடியைத் தட்டினாள். டார்ட் வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. மேல்பாகம் ஒரு சுருக்கமில்லாமல் மஞ்சளாக மின்னியது. கடைக்குள் ஒரு முனகல் எழுந்தது, பசியின் முனகல். ஔ-யெங் எடுத்தார். விரலால் விளிம்பைத் தட்டிக் காதில் கேட்டார். கவிழ்த்தார்.

அடி பொன்னாகச் சிவந்திருந்தது. அந்தப் பொன்னின் நடுவில், ஒரு மேகத்தின் மேல், ஒரு கால் நின்றது. தாள் இல்லாத மாவு தகரத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி வெந்திருந்தது. ஐந்து விரல். பெருவிரலில் நகம் கூட.

ஔ-யெங் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பின்பு தூரமாகப் பிடித்தார்.

“என்னம்மா இது?”

குவாய்-சிம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிய வேகத்தை என் பெஞ்சிலிருந்தே பார்த்தேன்.

“காலு மாதிரி இருக்கே!” என்றார் கடிகாரக்காரர், பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்து. “மாதிரி என்ன, காலேதான்! நகம் வெட்டாத காலு!”

மெய் அத்தை எழுந்துவிட்டாள். ஒரு வருஷமாகத் தின்ற டார்ட்டெல்லாம் அவள் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன என்று நினைக்கிறேன்.

“ஐயே! ஐயையே! எனக்குத் தெரியும் அந்தப் படம். சேத்துப்புண் களிம்பு! இவ புருஷன் ஊர்க் காலுக்கெல்லாம் தடவுற களிம்பு! பேக்கிங் பவுடர்னாளே பாவி! சூப்பு வச்சது அதத்தானா? நான் தின்னது அதத்தானா?”

அடுத்த நிமிஷம் அங்கே நடந்ததை நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. ஒருவர் குடித்த டீயைக் கோப்பைக்கே திருப்பித் தந்தார். மீன்கடைக்காரர் ஒருவர், கை முழுக்கச் செதில் ஒட்டியவர், மீன் குடலில் முழங்கை வரை விட்டு வாழ்கிறவர், “உவ்வே” என்று வாசலுக்கு ஓடினார். ஔ-யெங் டார்ட்டை இரண்டு விரலால் பிடித்து எச்சில் கிண்ணத்தின் மேல் தூக்கினார். எச்சில் கிண்ணத்துக்கே அது அசிங்கம் என்பது போல் ஒரு கணம் தயங்கி நிறுத்தினார்.

“ஆறு தடவை கொதிக்க வச்சேன் முதலாளி,” என்றாள் குவாய்-சிம். “சத்தியமா.”

“அறுபது தடவை கொதிக்க வையேன். எவன் எவன் காலோ! அந்தாளு அதோ உக்காந்திருக்கான் பாருங்க!” என்று மெய் அத்தை கடைசி மேசையைக் காட்டினாள்.

எல்லாத் தலையும் திரும்பியது. டிங் கோப்பையை மெதுவாக வைத்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். இன்று உன்னைத் தெரியும் என்று சொல்லலாமா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் எழுந்து வந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரையும் முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளமாட்டார், தரையைப் பார்த்துத்தான் கண்டுகொள்வார். தொழில் அப்படி. மேசைகளுக்கு நடுவே நடந்து வரும்போது, தரையைப் பார்த்து, வழக்கம் போல் லேசாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடிகாரக்காரரின் கறுப்பு பூட்சுக்கு ஒரு தலையாட்டல். கடிதம் எழுதுகிறவரின் துணிச் செருப்புக்கு ஒன்று. வாசலில் திரும்பி நின்ற மீன்கடைக்காரரின் ரப்பர் பூட்சுக்குக் கொஞ்சம் வருத்தமாக ஒன்று.

சரக், சரக் என்று பெஞ்சுகளுக்குக் கீழே செருப்புகள் உள்ளே இழுபட்டன.

பிறகு மெய் அத்தையின் மரச் செருப்பில் அவர் பார்வை நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், திரை போட்ட டிங் வீட்டு வாசலில், எங்கள் மாடிப் பெண்கள் யார் யார் குதிகாலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் வெளியே சொன்னதில்லை. பித்தவெடிப்பில் பத்து சென்ட் காசு நிற்கும் ஆழம் மெய் அத்தைக்கு. அவள் உட்கார்ந்துவிட்டாள். என் கால்கள் அதற்கு முன்பே பெஞ்சுக்கு அடியில் போய்விட்டன. என்னுடையது என்ன நோவு என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

டிங் கல்லாவருகே வந்து நின்றார். கல்லா மேசைக்குக் கீழே காலை மறைக்கிற பலகை கிடையாது. ஔ-யெங்கின் இடது கால், வலது காலுக்குப் பின்னால் மெள்ள நகர்ந்து ஒளிந்துகொண்டது.

“என்னை மன்னிச்சுக்குங்க முதலாளி,” என்றார் டிங். “இந்த மூடியெல்லாம் நான் கொண்டாந்தது. தப்பு என்னோடது.”

“நீ… நீ எதுக்கு இங்க வந்தே? ஒண்ணும் பேசாத.”

“நான் என்ன பேசப் போறேன்? குளியல் கூடத்துல பாக்கிறத வெளிய பேசறவன் இல்ல நான். எங்கப்பா எனக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தது அதுதான், கத்தி அப்புறம்தான்.”

ஔ-யெங் கையில் இருந்த டார்ட்டை டிங் மரியாதையாக வாங்கினார். தன் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு பொருளைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பெருவிரல் நல்லா வந்திருக்கு,” என்றார். “சுண்டு விரல்தான் கொஞ்சம் கருகிப் போச்சு.”

பிறகு மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, நீளமாக மோந்தார்.

“பதினெட்டு வருஷமா அந்தக் களிம்பை மோந்துட்டிருக்கேன். ஒரு கடுகளவு இருந்தாலும் எனக்குத் தெரியும். என் சட்டையில இருக்கு, என் தலைமயிர்ல இருக்கு. இதுல இல்ல.” கடித்தார். மென்றார். அவர் கண் திறந்தது. “இதுல முட்டையும் சர்க்கரையும்தான் இருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவள் சுட்ட டார்ட்டைச் சூடாக அவர் தின்றதே இல்லை. இரண்டு முழத்துக்கு அப்பால் ஆறிப் போனதுதான் கிடைத்திருக்கிறது.

ஔ-யெங் கடையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மூடியை அவரே எடுத்துத் தட்டினார். கவிழ்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அடி பார்க்காமல், முகத்தை எங்கள் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டு, கடித்தார். முதுகு மட்டும் தெரிந்தது. முழுசாகத் தின்று முடிக்கும் வரை அந்த முதுகு திரும்பவில்லை.

“திங்கட்கிழமை அஞ்சு மணிக்கு வா,” என்றார் சுவரைப் பார்த்து. “அச்சு கடையில இருக்கு. உன் தகரம் ஒண்ணும் உள்ள வரக்கூடாது.”

குவாய்-சிம் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் டிங். தெருவில் அவர் கொஞ்சம் நெருங்கி நடக்கவும், “தள்ளி வாய்யா,” என்றாள். ஆனால் அன்றைக்கு இரண்டு முழம் ஒன்றரை முழமாகியிருந்தது என்று என் கண்ணுக்குப் பட்டது.

திங்கட்கிழமை ஓடு பதித்த சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் விரலைக் காட்டினாள். கறுப்பாக ஒரு பிசுக்கு.

“பத்து வருஷத்து எண்ணெய் டீச்சர். அந்த மாஸ்டர் ஓவனுக்குப் பின்னாடி ஒரு காலுறைய ஒளிச்சு வச்சிருக்கான். ஒத்தக் காலுறை. நிமிர்ந்து நிக்குது.”

இரண்டு நாள் கடையைத் தேய்த்தாள். அச்சு அதைவிட மோசம். தடித்த வார்ப்பு இரும்பு, அடி சூடேறுவதற்குள் மேலே பாகு தீய்ந்தது. கவிழ்த்தால் அடி வெளுத்து ஈரமாக, நாலு நாள் கட்டி அவிழ்த்த காயத்துணி மாதிரி இருந்தது. அவளே பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் ஔ-யெங் சமையலறைக்குள் வந்து, ஆள் இருக்கிறதா என்று பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மூடியெல்லாம் தூக்கிப் போட்டுட்டியா?”

“இல்ல முதலாளி.”

“கொண்டா. ஆனா அந்தக் காலு மட்டும் வேணாம். அதப் பாத்தா எனக்கு என்னமோ அரிக்குது.”

ஞாயிற்றுக்கிழமை டிங் வாசலில் ஒரு கல்லைப் போட்டு, ஒவ்வொரு மூடியாகக் கவிழ்த்து வைத்துச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்தார். மேகம் போனது, விரல்கள் போயின, நகம் போனது. மெய் அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குதிகாலில் புதுக் கட்டு. குவாய்-சிம் எண்ணிப் பார்த்தாள். ஒரு மூடி குறைந்தது.

“யோவ், இன்னொண்ணு எங்க?”

டிங் தொடைக்குக் கீழே இருந்து எடுத்தார். கால் அப்படியே இருந்தது.

“இத நான் தட்டல.”

“ஏன்?”

“நல்லா வந்திருக்கு, சிம். அந்தப் பெருவிரல் சரியான பெருவிரல். வரைஞ்சவன் தொழில் தெரிஞ்சவன்.”

“கருமம்,” என்றாள். ஆனால் அதையும் இடுக்கியால் எடுத்துச் சட்டியில் போட்டாள்.

அதற்கப்புறம் ஔ-யெங் கடை டார்ட்டுக்கு வரிசை நின்றது. ஒரு நாள் அந்த வரிசை அடுத்த பேருந்து நிறுத்தம் வரை போய், பேருந்தில் ஏற வந்தவர்களெல்லாம் அது டிக்கெட் வரிசை என்று நினைத்து டார்ட் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் யாரும் மறுக்க முடியாது. அந்தக் கடையில் டார்ட் வாங்குகிற ஒவ்வொருவரும், வாயில் வைக்கும் முன், முதலாளியைப் போலவே அதைக் கவிழ்த்து ஒருமுறை அடியைப் பார்த்துக்கொள்வார்கள். அடி சிவப்பாக, வழவழவென்று இருக்கும். பிறகுதான் மூச்சு விடுவார்கள்.

தினமும் கடைசி ஈட்டில் குவாய்-சிம் ஒரே ஒரு டார்ட்டைத் தனியாகச் சுடுவாள். துணியில் சுற்றி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மாடியேறி வருவாள். ஆறு மணிக்கு டிங்கின் காலடி கேட்டதும், அதைச் சிவப்பு நூல் கட்டிய கிண்ணத்தில் இரண்டு விரலால் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பாள். கைக்குட்டை மூக்கில் இருக்கும். அவர் பெருவிரலிலிருந்து தொடங்குவார். அவள் முகத்தை ஒரு கோணமாக வைத்துக்கொண்டு, கடைசித் துணுக்கு வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

“யோவ் சாவுப் பேயே, திங்கறதுக்கு முன்னாடி கழுவுனியா?”

“மூணு தடவை.”

“திங்கிறது காலு. நாலாவது தடவை கழுவு.”